வளர்த்தெடுத்த ரத்தக் குழாயைச் சோதிக்கையில் தையலுக்கு அதிக நேரம் கொடுங்கள்

காலோ கையோ நசுங்கித் தமனி அறுந்த நிலையில் வருபவருக்கு, காயம்படாத காலின் சிரையை எடுத்துப் பாலமாகத் தைப்பதே இன்றும் முதல் வழி. இரு கால்களும் சிதைந்தவருக்கும் சிரை மெலிந்தவருக்கும் அது கைகொடுப்பதில்லை. செயற்கை இழையால் ஆன குழாயோ மண்ணும் துருவும் ஏறிய காயத்தில் தொற்றுக்கு எளிதில் இடம்தரும். இக்குறையைப் போக்கவே, ரத்தக் குழாயின் தசை உயிரணுக்களைக் கரையும் வலைச் சட்டத்தின்மீது வாரக்கணக்கில் வளர்த்து, பிறகு உயிரணுக்களைக் கழுவி நீக்கி, அவை சுரந்த கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தால் ஆன குழாயை மட்டும் எஞ்சவிடும் முறை உருவானது. சிங்கப்பூரில் இத்துறை ஆய்வுக்கூடங்களில் புதிதாகச் சேரும் தமிழ் மாணவர்களுக்காக, அத்தகைய குழாயைச் சோதிக்கும் முறையை இங்கே விளக்குகிறேன்.

முதலில் கழுவல் முழுமையாக நடந்ததா என்று பாருங்கள். உலர்ந்த எடையில் ஒரு மில்லிகிராமுக்கு 50 நானோகிராமுக்கும் குறைவான டிஎன்ஏ, எஞ்சியிருக்கும் துண்டுகள் 200 கார இணைகளுக்கும் குறைவான நீளம், சாயமிட்ட வெட்டில் உட்கரு தென்படாமை ஆகிய மூன்றும் பரவலாக ஏற்கப்பட்ட அளவுகோல்கள். ஆயினும், மிகையாகக் கழுவினால் கொலாஜனே தளர்ந்துவிடும். ஆகவே டிஎன்ஏ அளந்த அதே தொகுதியிலிருந்தே வலிமைச் சோதனைக்கும் மாதிரி எடுக்க வேண்டும். இரண்டையும் வெவ்வேறு தொகுதிகளில் அளந்து ஒரே அட்டவணையில் போடுவது ஏமாற்று வேலை.

வலிமைச் சோதனைகளுக்கு, ரத்தக் குழாய் ஒட்டுகளுக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐஎஸ்ஓ 7198-ஐ அருகில் வைத்துக்கொள்ளுங்கள். குழாய் ஈரமாகவும் 37 பாகை செல்சியஸிலும் இருக்க வேண்டும். வெளியே வியர்த்துக் கொட்டினாலும் நம் ஆய்வுக்கூடங்கள் குளிர்ந்தே கிடக்கின்றன. மேசைமேல் சிறிது நேரம் கிடந்து காய்ந்த கொலாஜன் விறைத்துப்போய் உண்மைக்கு மாறான எண்ணைத் தரும். குழாய் வெடிக்கும் அழுத்தத்தை அளக்கும்போது, மனிதக் காலின் சிரை ஏறக்குறைய 1,600 மில்லிமீட்டர் பாதரசம் வரை தாங்குவதாகக் கூறும் அளவீடுகளை ஒப்பீட்டுக்குக் கொள்ளலாம். இதயம் 120 அளவில்தானே தள்ளுகிறது, இவ்வளவு எதற்கு என்று கேட்கத் தோன்றும். இதயம் ஆண்டுக்கு ஏறத்தாழ நான்கு கோடி முறை துடிக்கிறது. ஒருமுறை தாங்குவதும் அத்தனை முறையும் தளராமல் தாங்குவதும் வேறு வேறு. எனவே துடிப்பழுத்த இயந்திரத்தில் நீண்ட நாள் ஓட்டிய பிறகு, அதே மாதிரிகளை மீண்டும் வெடிக்கவைத்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் அதிக நேரத்தைத் தையல் சோதனைக்கே ஒதுக்குங்கள். விளிம்பிலிருந்து 2 மில்லிமீட்டர் உள்ளே ஒரு பாலிபுரோப்பிலீன் நூலைக் கோத்து, குழாய் கிழியும்வரை சீரான வேகத்தில் இழுத்து, கிழித்த விசையைக் குறித்துக்கொள்ள வேண்டும். 2 நியூட்டனைப் பலர் குறைந்தபட்சமாகக் கொள்கிறார்கள். குழாயின் இரு முனைகளிலும் நடுவிலும் இதைத் தனித்தனியே செய்யுங்கள், ஏனெனில் வளர்ப்புக் கலத்தில் பொருத்தப்பட்டிருந்த முனைகள் நடுப்பகுதியைப் போல அமைய வேண்டும் என்ற கட்டாயமில்லை. பின்னர், அவசர அறுவை செய்யும் மருத்துவர் ஒருவரையே அழைத்து, தமனித் துண்டு ஒன்றோடு அவர் வழக்கம்போல் தைக்கச் செய்து, அந்த இணைப்பை அழுத்தத்துக்கு உட்படுத்துங்கள். இயந்திரம் இழுப்பதைப் போல் கை தைப்பதில்லை.

இணைப்பைக் கிருமியோடும் சோதிக்க வேண்டும். சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் புரதத்தைச் சிதைக்கும் நொதிகளைச் சுரப்பதால், தொற்றிய காயத்தில் நோயாளியின் சொந்தச் சிரையே கரைந்து திடீரென உடைவதுண்டு. கிருமிக் கரைசலில் ஊறிய இணைப்பு எத்தனை நாள் தாங்குகிறது என்பதே விபத்துக் காயத்துக்குப் பொருத்தமான கேள்வி. ரத்தம் உறைகிறதா என்பதைப் புதிய மனித ரத்தம் சுழலும் வளையத்தில் பார்க்கலாம். ஆடு, பன்றிகளில் செய்யும் சோதனைக்கு நிறுவனத்தின் விலங்குப் பராமரிப்புக் குழுவின் அனுமதி முன்கூட்டியே தேவை.

மனிதச் சோதனையில் யாரை வெற்றியாக, யாரைத் தோல்வியாக எண்ணுவது என்ற விதியை முதல் நோயாளி வருவதற்கு முன்பே எழுதிவிடுங்கள். 2024 டிசம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஹியூமசைட் நிறுவனம் இதே முறையில் வளர்க்கும் சிம்வெஸ் குழாயை, சிரை ஒட்டுக்கு வழியில்லாத கை, கால் தமனிக் காயங்களுக்கு அனுமதித்தது. அந்நிர்வாகத்தின் கணக்கில் 54 பேரில் 36 பேருக்கு, அதாவது 67 விழுக்காட்டினருக்கு, முப்பதாம் நாளில் குழாய் மறுசிகிச்சையின்றித் திறந்திருந்தது. அதே சோதனையைப் பற்றிய ஆய்விதழ்க் கட்டுரையோ ஏறத்தாழ 84 விழுக்காடு என்றது. குழாய் உடைந்தோ இணைப்பு விட்டோ ரத்தம் பெருகலாம் என்ற கடும் எச்சரிக்கையும் அதனுடன் வரும் தகவல் சீட்டில் இருக்கிறது. ஸ்கேன் எடுக்கப்படாத நோயாளியைத் தோல்வியாக எண்ணுவதா விட்டுவிடுவதா என்ற ஒரு முடிவே எண்ணைப் பெரிதும் நகர்த்தும்.

சிங்கப்பூரில் இக்கேள்வி இன்னும் கூர்மையானது. 2016ஆம் ஆண்டின் மருத்துவச் சோதனை விதிமுறைகள், ஒப்புதல் பெற இயலாத அவசர நிலைக்குத் தனி நிபந்தனைகளை வகுத்துள்ளன. நினைவு திரும்பியதும் நோயாளிக்குத் தமிழிலோ வங்காளத்திலோ விளக்கும் படிவம் அப்போது தயாராக இருக்க வேண்டும். கட்டுமானத் தளத்தில் அடிபட்ட ஊழியர் வேலை அனுமதி முடிந்து மூன்றாம் மாதமே தஞ்சாவூருக்கோ ராமநாதபுரத்துக்கோ திரும்பக்கூடும். ஆகவே ஊர்த் தொலைபேசி எண், அங்கே ஸ்கேன் எடுக்க ஒப்புக்கொண்ட மருத்துவமனை, அதற்கான செலவு ஆகியவற்றை அவர் இங்கே படுக்கையில் இருக்கும்போதே உறுதிசெய்து, சோதனைத் திட்டத்திலேயே எழுதிச் சேர்த்துவிடுங்கள்.