தேநீரின் ஆன்டிஆக்சிடன்ட் திறனை டிபிபிஎச் முறையில் அளப்பது எப்படி

உணவிலும் பானத்திலும் உள்ள ஆன்டிஆக்சிடன்ட் திறனை அளக்கப் பல முறைகள் இருந்தாலும், ஒரு சாதாரணக் கல்லூரி ஆய்வகத்தில் ஒரே பிற்பகலில் செய்து முடிக்கக்கூடியது டிபிபிஎச் முறைதான். டிபிபிஎச் என்பது நிலைத்து நிற்கும் ஒரு தனி உறுப்பு (free radical), அதாவது இணையில்லாத எலக்ட்ரான் கொண்ட மூலக்கூறு. மெத்தனாலில் கரைத்தால் நாவற்பழச் சாறு போல ஊதாவாக இருக்கும். தேநீரில் உள்ள பாலிஃபீனால்கள் என்னும் ஆன்டிஆக்சிடன்ட் சேர்மங்கள் ஹைட்ரஜனையோ எலக்ட்ரானையோ அதற்குக் கொடுக்கும்போது அந்த ஊதா மெல்ல வெளுத்து மஞ்சளாகிறது. அந்த வெளுப்பை 517 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளிமானி கொண்டு அளக்கிறோம். 1958-இல் மார்ஸ்டன் பிளாய்ஸ் வெளியிட்ட இந்த முறையை 1995-இல் பிராண்ட்-வில்லியம்ஸ் குழுவினர் திருத்தி அமைத்த பிறகு, உணவு ஆய்வகங்களில் இது அன்றாட வேலையாகிவிட்டது.

முதலில் கரைசல். 3.94 மில்லிகிராம் டிபிபிஎச்சை 100 மில்லிலிட்டர் மெத்தனாலில் கரைத்தால் 0.1 மில்லிமோலார் (லிட்டருக்கு 0.1 மில்லிமோல்) கரைசல் கிடைக்கும். ஒரு சென்டிமீட்டர் க்யூவெட்டில் (ஒளிமானிக்குள் வைக்கும் சிறு குப்பி) அதன் ஒளி உறிஞ்சல் ஏறக்குறைய 1.1 இருக்க வேண்டும். இதைவிட மிகவும் குறைந்திருந்தால் பொடி பழையதாக இருக்கலாம், அல்லது எடை போட்டதில் பிழை நேர்ந்திருக்கலாம். இவ்வளவு சிறிய எடையை நிறுப்பதற்கு நான்கு தசம இலக்கத் தராசு போதாது. ஐந்து இலக்கத் தராசு இல்லாதவர்கள் பத்து மடங்கு அடர்த்தியாகக் கரைத்து, பிறகு நீர்த்துக்கொள்வது நல்லது. குடுவையை அலுமினியத் தாளால் சுற்றி வையுங்கள். கரைசலை அன்றன்றைக்கே தயாரியுங்கள். மெத்தனால் நச்சுத்தன்மை உடையது, எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதால் கையுறை அணிந்து, புகைபோக்கிப் பெட்டிக்குள் வேலை செய்வது கட்டாயம்.

அடுத்து மாதிரி. 2 கிராம் தேயிலையில் கொதிநீர் 200 மில்லிலிட்டர் ஊற்றி, மூடி, சரியாக ஐந்து நிமிடம் கழித்து வடிதாளில் வடிகட்டுங்கள். ஐந்து நிமிடமா ஏழு நிமிடமா என்பது முடிவையே மாற்றிவிடும். எனவே கடிகாரத்தைப் பார்த்தே வடிகட்ட வேண்டும். ஆறிய வடிநீரை ஐந்து மடங்கு நீர்த்துக்கொள்ளுங்கள். பால் சேர்த்த தேநீரை இப்படியே அளக்க இயலாது. பாலின் புரதங்கள் பாலிஃபீனால்களோடு பிணைவது ஒருபுறமிருக்க, மெத்தனாலில் திரிந்து கலங்கலாகியும் விடும், கலங்கல் ஒளியைச் சிதறடித்து அளவைப் பொய்யாக்கும்.

ஒப்பிடுவதற்கு ட்ரோலாக்ஸ் வேண்டும். வைட்டமின் ஈ-யின் கரையும் தன்மையை மாற்றி உருவாக்கப்பட்ட சேர்மம் இது. 25 மில்லிகிராமை மெத்தனாலில் கரைத்து 100 மில்லிலிட்டர் ஆக்கினால் 1 மில்லிமோலார், அதிலிருந்து 0.2, 0.4, 0.6, 0.8 மில்லிமோலார் கரைசல்களைத் தயாரியுங்கள். இவை ஒவ்வொன்றும் டிபிபிஎச்சை எத்தனை விழுக்காடு வெளுக்கிறது என்று அளந்து வரைபடமாக வரைந்தால், ஒப்பிடுவதற்கான ட்ரோலாக்ஸ் கோடு கிடைக்கும்.

இனி அளவீடு. ஒவ்வொரு சோதனைக் குழாயிலும் 3 மில்லிலிட்டர் டிபிபிஎச் கரைசலை எடுத்து, 0.1 மில்லிலிட்டர் மாதிரியையோ ட்ரோலாக்ஸையோ சேர்த்துக் குலுக்கி, இருட்டில் 30 நிமிடம் வையுங்கள். குழாய்களுக்கு இடையே ஒரு நிமிட இடைவெளி விட்டுச் சேர்த்து, அதே வரிசையில், அதே இடைவெளியில் அளந்தால் எல்லாவற்றுக்கும் வினைநேரம் ஒன்றாக இருக்கும். இது ஏன் முக்கியமென்றால், வைட்டமின் சி நொடிகளில் வினையை முடித்துவிடும், தேநீரின் பாலிஃபீனால்களோ நெடுநேரம் வினைபுரிந்துகொண்டே இருக்கும். ஆகவே பத்தாவது நிமிடத்தில் அளந்த தேநீரையும் நாற்பதாவது நிமிடத்தில் அளந்த தேநீரையும் ஒப்பிடுவதில் பொருளில்லை. தொடக்கத்தில் நான் பன்னிரண்டு குழாய்களிலும் மாதிரியை அவசரமாகச் சேர்த்துவிட்டு ஒவ்வொன்றாக அளந்தேன். ஒரே தேநீருக்கு முதல் குழாய் ஒரு விடையும் கடைசிக் குழாய் வேறொரு விடையும் தந்தன.

மாதிரிக்குப் பதிலாக அதன் கரைப்பான் மட்டும் சேர்த்த குழாய் ஒன்று, கட்டுப்பாட்டுக்காக வேண்டும்: தேநீருக்குத் தண்ணீர், ட்ரோலாக்ஸுக்கு மெத்தனால். இன்னொன்றைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்: டிபிபிஎச் இல்லாமல் 3 மில்லிலிட்டர் மெத்தனாலில் மாதிரியை மட்டும் சேர்த்த குழாய். தேநீருக்குத் தானே ஒரு நிறம் உண்டு. அதைக் கழிக்காவிட்டால் திறன் குறைவாகவே தெரியும். கறுப்புத் திராட்சைச் சாற்றில் இந்தப் பிழை பன்மடங்காகும், ஏனெனில் அதன் ஆந்தோசயனின் நிறமியும் ஏறக்குறைய 520 நானோமீட்டரிலேயே ஒளியை உறிஞ்சுகிறது.

எடுத்துக்காட்டாகக் கணக்கிடுவோம். கட்டுப்பாட்டின் உறிஞ்சல் 1.080, தேநீர்க் குழாயில் 0.648, தேநீரின் சொந்த நிறம் 0.012 எனக் கொள்வோம். 0.648-இலிருந்து 0.012-ஐக் கழித்தால் 0.636. அதை 1.080-இலிருந்து கழித்தால் 0.444, 1.080-ஆல் வகுத்து நூறால் பெருக்க 41.1 விழுக்காடு வெளுத்திருக்கிறது. இந்த விழுக்காடு ட்ரோலாக்ஸ் கோட்டில் 0.6 மில்லிமோலாருக்கு நேராக வந்தால், ஐந்து மடங்கு நீர்த்ததைச் சேர்த்து 3.0 மில்லிமோலார் என்றாகும். 200 மில்லிலிட்டருக்கு 600 மைக்ரோமோல், அதாவது ஒரு கிராம் தேயிலைக்கு 300 மைக்ரோமோல் ட்ரோலாக்ஸ் சமானம். வெளுப்பு 20 முதல் 80 விழுக்காட்டுக்குள் வராவிட்டால் நீர்த்த அளவை மாற்றி மீண்டும் செய்யுங்கள். டிபிபிஎச் முழுவதும் தீர்ந்துபோன குழாயிலிருந்து எந்த எண்ணையும் பெற இயலாது. ஒவ்வொன்றையும் மும்முறை செய்து சராசரியை எடுங்கள்.

ஆன்டிஆக்சிடன்ட் திறனை அளக்கும் வேறு முறைகளும் உண்டு: வேறொரு தனி உறுப்பைப் பயன்படுத்தும் ஏபிடிஎஸ் முறையில் 734 நானோமீட்டரிலும், இரும்பு அயனி ஒடுக்கத்தை அளக்கும் ஃப்ராப் முறையில் 593 நானோமீட்டரிலும் அளக்கிறார்கள். ஃப்ராப் வினை pH 3.6 என்ற அமிலத்தன்மையில் நடப்பது. ஆகவே ஒரே தேநீருக்கு மூன்று முறைகளும் மூன்று எண்களைத் தருவது இயல்பே. முடிவை எழுதும்போது முறையின் பெயர், வினைநேரம், கரைப்பான், தேயிலையும் நீரும் சேர்த்த விகிதம், ஊறவைத்த நேரம் ஆகியவற்றையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். அந்த எண்ணை உடல்நலப் பயனாக மொழிபெயர்க்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்வேன்: குடலில் எவ்வளவு உட்கவரப்படுகிறது, கல்லீரல் அதை எப்படி மாற்றுகிறது என்பதெல்லாம் சோதனைக் குழாய்க்குத் தெரியாது. இந்தக் காரணத்தாலும், உணவு விற்பனையாளர்கள் எண்களைத் தவறாகப் பயன்படுத்தியதாலும், அமெரிக்க வேளாண் துறை 2012-இல் உணவுகளின் ஆன்டிஆக்சிடன்ட் திறனைப் பட்டியலிட்ட தனது ஓராக் அட்டவணையை இணையத்திலிருந்து நீக்கியது.

மீந்த மெத்தனாலைத் தொட்டியில் ஊற்றாமல், ஹாலஜன் (குளோரின் போன்றவை) இல்லாத கரைப்பான் கழிவுக்கான கலனில் சேர்த்து, கலனின் மேல் பெயரும் தேதியும் எழுதி ஒட்டுங்கள்.