பகடை மேசையில் பஞ்சாயத்து: ஜிஎம்முக்கும் ஆட்டக்காரர்களுக்கும் சண்டை வந்தால் என்ன செய்வது?

நண்பர்கள் நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதை சொல்லி ஆடும் ஆட்டத்தை ஆடத் தொடங்கியிருக்கிறீர்கள். முதல் இரண்டு வாரம் ஒரே கொண்டாட்டம். அப்புறம் ஒருநாள் ஏதோ ஒரு விதியைப் பற்றி வாக்குவாதம். அதற்குப் பிறகு வாட்ஸ்அப் குழுவில் "இந்த வாரம் முடியாது" என்பதைத் தவிர வேறு செய்தி வருவதில்லை. இந்தக் கட்டத்தில் இருக்கும் புதியவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. இன்னும் தொடங்காதவர்கள் முதல் படியைப் படித்தாலே பாதி வேலை முடிந்தது.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஒருவர் ஜிஎம், அதாவது கேம் மாஸ்டர். உலகத்தையும் அதில் வரும் எல்லாரையும் அவர்தான் நடத்துவார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு கதாபாத்திரம். சந்தேகமான காரியம் என்றால் 20 பக்கப் பகடையை உருட்டிப் பார்ப்பார்கள். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் 1974இல் வெளியிட்ட ஆட்டத்திலிருந்து இன்றுவரை, ஒருவர் நடத்த மற்றவர்கள் ஆடும் இந்த அமைப்பு பெரிதாக மாறவில்லை. சண்டைக்கும் இதுதான் வேர். கதை சொல்பவர், எதிரிகளை ஏவுபவர், விதிக்குத் தீர்ப்புச் சொல்பவர் மூவரும் ஒரே ஆள். கால்பந்தில் எதிரணித் தலைவரே நடுவராகவும் விசில் ஊதினால் எத்தனை நிமிடம் ஆட்டம் நடக்கும்? இங்கே அது நடப்பது நம்பிக்கையால் மட்டும்தான். எதை யார் முடிவு செய்வது என்று முன்கூட்டியே பேசாத மேசையில் அந்த நம்பிக்கை சீக்கிரம் தீர்ந்துவிடும்.

படி 1: ஆடுவதற்கு முன் ஒருநாள் பேசுங்கள்

இதற்கு செஷன் ஜீரோ என்று பெயர். பகடையைத் தொடாமல் பேச மட்டும் ஒரு மாலை. அடுக்குமாடி புளோக் கீழ்த்தளத்தில் சதுரங்கக் கட்டம் பதித்த கல்மேசையே போதும். (பேசுவதற்குத்தான் போதும். ஆடுவதற்கு வேறு இடம் பாருங்கள். காற்றில் கேரக்டர் ஷீட் (கதாபாத்திரத்தின் விவரம் எழுதிய தாள்) பறக்கும், சுற்றி இருப்பதும் பெரும்பாலும் நாலு கல் முக்காலிதான்.)

முதலில் நடைமுறை. யாருக்கு ரிசர்விஸ்ட் ராணுவப் பயிற்சி எப்போது, யாருக்கு ஷிப்ட் வேலை, கடைசி ரயிலைப் பிடிக்க யார் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்? எத்தனை பேர் வந்தால் ஆட்டம் உண்டு? நாலு பேரில் மூவர் வந்தால் ஆடுவோம் என்று இப்போதே வைத்துக்கொண்டால், பின்னால் ஒருவருக்காக மற்றவர்கள் எரிச்சலோடு காத்திருக்க வேண்டியதில்லை.

பிறகு ஆட்டத்தைப் பற்றிய கேள்விகள். கதாபாத்திரம் சாகலாமா? ஒரே அணியில் இருப்பவர்கள் ஒருவரிடம் ஒருவர் திருடலாமா? விதியில் குழப்பம் வந்தால் கடைசிச் சொல் யாருடையது? எந்த விஷயம் கதையில் வரவே கூடாது? ரான் எட்வர்ட்ஸ் என்ற வடிவமைப்பாளர் இந்தக் கடைசிக் கேள்வியை இரண்டாகப் பிரித்தார். சில விஷயங்களுக்குக் கோடு போடுவோம், அவை கதைக்குள் வரவே வராது. சிலவற்றுக்குத் திரை போடுவோம், நடந்ததாக வைத்துக்கொண்டு காட்டாமல் நகர்ந்துவிடுவோம். வீட்டில் அண்மையில் துக்கம் நடந்த ஒருவர் மேசையில் இருந்தால் பிணவறைக் காட்சிக்கு ஒரு திரை தேவைப்படலாம்.

நம் ஆட்களிடம் இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஜிஎம் நாற்பது வயது அண்ணன், மற்றவர்கள் பாலிடெக்னிக் மாணவர்கள் என்றால், "எல்லாருக்கும் சரிதானே?" என்று அவர் கேட்டதும் எல்லாத் தலையும் ஆடும். அந்தத் தலையாட்டலை நம்பாதீர்கள். ஆளுக்கொரு துண்டுக் காகிதம் கொடுத்துப் பெயர் போடாமல் எழுதச் சொல்லுங்கள். ஆட்டம் நடக்கும்போது ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸ் உருவாக்கிய எக்ஸ் அட்டையை மேசை நடுவில் வைக்கலாம். பிடிக்காத காட்சி வந்தால் அதைத் தொட்டால் போதும். காரணம் சொல்லத் தேவையில்லை, காட்சி மாறிவிடும். பெரியவரை எதிர்த்துப் பேசக் கூச்சப்படும் தம்பிகளுக்கு இது வாயைத் திறக்காமலே ஒரு வழி.

படி 2: பகடையை உருட்டும் முன் பந்தயத்தைச் சொல்லுங்கள்

நான் பார்த்தவரை மேசையில் அதிகம் வெடிப்பது இதுதான்.

"ராஜாகிட்ட கிரீடத்த எனக்குக் குடுங்கன்னு கேக்குறேன்."

"சரி, உருட்டு."

"அண்ணே, 20! கிரீடம் எனக்குத்தான்!"

"அதெல்லாம் குடுக்க மாட்டாரு."

"அப்புறம் எதுக்குண்ணே உருட்டச் சொன்னீங்க?"

விதிப் புத்தகப்படி ஜிஎம் சொன்னதில் தவறில்லை. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில், 20 விழுந்தால் கட்டாய வெற்றி என்பது தாக்குதலுக்குத்தான். பேச்சுத் திறமை, பூட்டுத் திறப்பது போன்ற சோதனைகளில் 20 விழுந்தாலும், அதோடு கேரக்டரின் திறமை எண்ணைக் கூட்டி வரும் மொத்தம் ஜிஎம் வைத்த இலக்கைத் தொட வேண்டும். ஆனால் தம்பியின் கேள்விக்குப் புத்தகத்தில் பதில் தேடி எதற்கு? நடக்கவே முடியாத காரியத்துக்கு உருட்டச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னால், அதற்கு முன்பே இப்படிச் சொல்ல வேண்டும்: "கிரீடம் கிடைக்காது. நல்லா விழுந்தா உன் தைரியத்தப் பாத்து ராஜா சிரிப்பாரு, ஒரு உதவி கேக்கலாம். மோசமா விழுந்தா நேரா சிறை. உருட்டுறியா?" இப்போது தம்பி உருட்டலாம், பின்வாங்கவும் செய்யலாம். எப்படியும் ஏமாந்த உணர்வு வராது. எல்லா உருட்டலுக்கும் இது வேண்டியதில்லை. பெரிய விஷயத்துக்கு மட்டும் செய்யுங்கள்.

படி 3: நடுவில் வாக்குவாதம் வந்தால்

இரண்டு நிமிடத்துக்கு மேல் இழுக்க விடாதீர்கள். இரு பக்கமும் ஒருமுறை பேசட்டும். ஜிஎம் ஒரு முடிவைச் சொல்லட்டும். "இன்னைக்கு இப்படி வச்சுக்குவோம், வீட்டுக்குப் போய் புத்தகத்தப் பாக்குறேன்" என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு நகருங்கள். ஒரே விதிவிலக்கு, ஒரு கதாபாத்திரத்தின் உயிர் அந்த விதியில் தொங்கும்போது. அப்போது ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் புத்தகத்தைத் திறங்கள். மாதக்கணக்கில் வளர்த்த பாத்திரத்தை அவசரத் தீர்ப்பில் சாகடித்தால் அந்தக் கசப்பு லேசில் போகாது.

படி 4: சண்டை எதைப் பற்றியது என்று கண்டுபிடியுங்கள்

வாயில் வருவது விதியாக இருக்கும், மனதில் இருப்பது வேறாக இருக்கும். மூன்றில் எது என்று பாருங்கள்: விதியா, கொடுத்த வாக்கா, ஆளா?

வெறும் விதி என்றால் படி 3 போதும்.

வாக்கு என்பது இப்படி. கப்பல், கடல்கொள்ளை என்று சொல்லி ஆள் சேர்த்துவிட்டு, ஜிஎம் வாரக்கணக்கில் பாலைவனத்தில் நடக்கவிடுகிறார். மாலுமியாக வந்தவர் ஒவ்வொரு விதியிலும் குறை கண்டுபிடிப்பது அதனால்தான். இதற்குப் பக்கத்து வீடு, எந்தப் பக்கம் போனாலும் ஜிஎம் எழுதி வைத்த குகைக்கே கொண்டுபோய் விடுவது. ரயில்ரோடிங் என்பார்கள். ஜிஎம் பக்கமும் நியாயம் உண்டு. வேலை முடிந்து வந்து இரவெல்லாம் தயாரித்த குகை அது. மருந்து மிகச் சுலபம்: ஒவ்வொரு ஆட்டத்தின் முடிவிலும் "அடுத்த வாரம் எங்கே போறீங்க?" என்று கேட்டுவிடுங்கள். துறைமுகம் என்றால் துறைமுகத்தை மட்டும் தயாரித்தால் போதும்.

மூன்றாவது, ஆள். அணிக்காரரின் பணப்பையைத் திருடிவிட்டு "என் கேரக்டர் அப்படித்தான்" என்பவரை எல்லா மேசையிலும் பார்க்கலாம். அந்தக் கேரக்டரை உருவாக்கியதே அவர்தானே? கூட்டாளிகளோடு சேர்ந்து போக ஒரு காரணமுள்ள கேரக்டராக மாற்றச் சொல்லுங்கள். ஜிஎம்மிலும் இந்த ரகம் உண்டு. தன் முன்னால் நிறுத்தி வைத்த மறைப்பு அட்டைக்குப் பின்னால் உருட்டி, தனக்குப் பிடித்த வில்லனை மட்டும் ஒவ்வொரு முறையும் தப்பவைப்பார். சந்தேகம் வந்துவிட்ட மேசையில் எல்லாப் பகடையையும் வெளியில் உருட்டுவதே நல்லது. கதை கொஞ்சம் கெட்டாலும் பரவாயில்லை.

படி 5: தனியாகப் பேசுங்கள்

குழுவில் எழுதாதீர்கள். எழுதினால் எல்லாரும் பக்கம் எடுக்க வேண்டிவரும். ஆட்டக்காரர் ஜிஎம்முக்குத் தனியாக இப்படி அனுப்பலாம்:

"அண்ணே, போன வாரம் என் கேரக்டர் ஒண்ணுமே செய்ய முடியாம உக்காந்திருந்த மாதிரி இருந்துச்சு. ஆட்டத்துக்கு முன்னாடி பத்து நிமிஷம் பேசலாமா?"

"நீங்க எப்பவும் இப்படித்தான்" என்று தொடங்காமல் ஒரு சம்பவத்தை மட்டும் சொல்வதைக் கவனியுங்கள். காப்பிக்கடையில் ஒரு தே ஓ (பாலில்லாத தேநீர்) குடித்து முடிப்பதற்குள் பேசிவிடக்கூடிய விஷயம் இது. ஜிஎம்களுக்கு ஒன்று: கோபத்தைக் கதைக்குள் கொண்டுபோகாதீர்கள். திமிராகப் பேசியவரின் கேரக்டர் தலையில் திடீரென்று இடி விழுந்தால், ஏன் விழுந்தது என்று மேசையில் எல்லாருக்கும் தெரியும்.

படி 6: ஒத்துவரவில்லை என்றால்

இரண்டு முறை பேசியும் மாறவில்லை என்றால் பிரிவதே மேல். ஜிஎம் விலகினால் அடுத்தவர் ஒரு சின்னக் கதையை நடத்திப் பார்க்கலாம். ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் 2023இல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக வெளியிடப்பட்டன. புத்தகம் அவருடையது என்று ஆட்டத்தை நிறுத்த வேண்டியதில்லை. ஆட்டக்காரர் விலகினால் அவரிடம் சொல்லிவிட்டு வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்குங்கள், இரவல் வாங்கிய பகடைகளைத் திருப்பிக் கொடுங்கள். அவருடைய கேரக்டர் கதையில் தொடரலாமா, ஊருக்குக் கிளம்பிவிட்டதாக வைத்துக்கொள்ளலாமா என்று அவரையே கேளுங்கள். கேட்காமல் கொன்றுவிடாதீர்கள்.