காமா ஜீ.ரி. கூடினால் குடலைப் பார்க்க வேணுமோ?

ஆய்வுகூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் எங்கள் கொக்குவில் ஒழுங்கையில் எனக்கு ரிப்போட் வாசிக்கிற வேலை ஓயவில்லை. இப்ப கொஞ்சக் காலமாக வருகிறவர்கள் போனில் எதையோ பார்த்துவிட்டு வந்து, "அண்ணை, காமா ஜீ.ரி. கூடிக் கிடக்கு. குடலிலை முளை இருக்குமாம், உண்மையோ?" என்று கேட்கிறார்கள்.

காமா ஜீ.ரி. என்பது ஈரல் சோதனையில் பார்க்கிற ஒரு நொதியம். முளை என்பது குடலின் உட்சுவரில் வளரும் சிறு தசை. கதை முழுப் பொய்யில்லை. கொரியா போன்ற நாடுகளில், கொலனோஸ்கோப்பி (குழாய் விட்டுப் பெருங்குடலின் உள்ளே பார்ப்பது) செய்தவர்களின் இரத்த அளவுகளை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் உண்டு. காமா ஜீ.ரி. கூடியவர்களிடம் அடினோமா என்கிற முளை சற்றுக் கூடுதலாகவே காணப்பட்டிருக்கிறது. பிற்காலத்தில் புற்றுநோயாக மாறக்கூடிய முளை அது. ஆனால் இந்த நொதியம் அந்த முளையிலிருந்து இரத்தத்துக்கு வருவதில்லை. பெரும்பாலும் ஈரலிலும் பித்தக்குழாயிலும் இருந்து வருவது. குடி, தொப்பை, ஈரற்கொழுப்பு, நீரிழிவு எல்லாம் ஈரலையும் கெடுக்கும், குடலில் முளை வரவும் வழி வைக்கும். அதனால்தான் இரண்டும் சேர்ந்து தெரிகிறது.

எனவே ரிப்போட்டைக் கையில் எடுத்தால் முதலில் ஈரலை யோசியுங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் அந்த ஆய்வுகூடமே அச்சடித்த எல்லையோடுதான் ஒப்பிட வேணும். இடத்துக்கிடம் அது மாறும், ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு. பிறகு பக்கத்து வரிகள். எஸ்.ஜி.பி.ரி. என்கிற இன்னொரு ஈரல் நொதியமும் கூடியிருந்தால் ஈரற்கொழுப்பாக இருக்கலாம். அல்கலைன் பொஸ்பற்றேஸ் என்கிற நொதியமும் சேர்ந்து கூடியிருந்தால் பித்தக்குழாயைப் பார்க்க வேணும். வலிப்புக்குப் பினிற்றோயின் குடிக்கிறவருக்கு அந்த மருந்தாலேயே காமா ஜீ.ரி. ஏறும். சாராயமோ கள்ளோ குடிக்கிறவர் டொக்டரிடம் ஒளிக்காமல் சொல்லி, சில கிழமை நிறுத்திவிட்டு மறுபடி சோதிக்கலாம். குடிதான் காரணமென்றால் எண் இறங்கும். நாளாந்தம் கடுமையாகக் குடிப்பவர் மட்டும் டொக்டரைக் கேளாமல் சடாரென்று நிறுத்தக் கூடாது.

இன்னொன்று, காமா ஜீ.ரி. சரியாக இருக்கிறதென்று குடலை மறந்துவிடாதீர்கள். எனக்கு இதுதான் பெரிய பயம். குடலுக்கென்றே 2024இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஷீல்ட் என்ற இரத்தப் பரிசோதனைகூடப் புற்றுநோயில் 83 வீதத்தைப் பிடித்தாலும், இன்னும் புற்றுநோயாகாத முற்றிய முளைகளில் 13 வீதத்தைத்தான் பிடித்தது. ஒரு ஈரல் நொதியத்திடம் என்னத்தை எதிர்பார்ப்பது?

குடலைப் பற்றி அறிய மலத்தைச் சோதிக்க வேணும், அல்லது குழாய் விட்டுப் பார்க்க வேணும். மலத்தில் மறைந்த இரத்தம் தேடும் பரிசோதனைக்கு எந்த முறையென்று ஆய்வுகூடத்தில் கேளுங்கள். பிற் (FIT) என்கிற புதிய முறைக்குச் சாப்பாட்டுக் கட்டுப்பாடு இல்லை. பழைய இரசாயன முறையென்றால் சில நாள் ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி, விற்றமின் சி குளிசை வேண்டாம். மலம் தண்ணீரிலோ சிறுநீரிலோ படக்கூடாது. குந்துகிற கக்கூசில் பழைய பேப்பரை விரித்துப் பிடித்து, குச்சியால் நாலைந்து இடத்தில் சுரண்டி எடுங்கள். மாதவிடாய் நாட்களிலும் மூலவருத்தத்தால் இரத்தம் போகும்போதும் எடுக்க வேண்டாம். எங்கள் வெயிலில் மாதிரியை மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் மத்தியானம்வரை வைத்தால் இரத்தம் சிதைந்து, இருப்பதும் இல்லையென்று வந்துவிடும். காலமை எடுத்துக் காலமையே கொடுங்கள்.

பொசிற்றிவ் வந்தால் திரும்பத் திரும்ப அதையே செய்து பார்க்காமல் கொலனோஸ்கோப்பிக்குப் போக வேணும். மலத்தோடு இரத்தம் போகிறவர், மலம் போகிற பழக்கம் மாறிக் கிழமைக்கணக்காக நிற்கிறவர், காரணமில்லாமல் இரும்புச்சத்துக் குறைந்த ஆண்கள் மலப் பரிசோதனைக்குக் காத்திராமல் நேரே டொக்டரிடம் போகலாம். தாய் தகப்பன், சகோதரத்துக்குக் குடற்புற்றுநோய் வந்திருந்தால் 40 வயதில், அல்லது அவருக்குக் கண்டுபிடித்த வயதுக்குப் 10 வருடம் முன்பு, எது முந்தியோ அப்போது குடற்பரிசோதனையைத் தொடங்க வேணும். பெரியாஸ்பத்திரியில் காட்டும்போது அந்த வயதை டொக்டரிடம் சொல்ல மறவாதீர்கள்.

குழாய்ப் பரிசோதனையில் கஷ்டம் குழாயில் இல்லை, அதற்கு முந்தின நாள் ஆயத்தத்தில்தான். இரண்டு மூன்று நாள் முன்னிருந்தே குரக்கன், ஒடியல், கீரை, கொய்யாப்பழம் எல்லாவற்றையும் விடுங்கள். வெள்ளைச் சோறு, வெள்ளை மா இடியப்பம், முட்டை, மீன் போதும். முந்தின நாள் தெளிந்த நீராகாரம் மட்டும். பாலில்லாத பிளேன்ரீ, தெளிந்த சூப், இளநீர் குடிக்கலாம் (சிறுநீரக வருத்தக்காரருக்கு இளநீர் கூடாது). நெக்டோ போன்ற சிவப்புச் சோடா வேண்டாம், உள்ளே பார்க்கும்போது இரத்தம் மாதிரித் தெரியும். பேதி மருந்தைச் சொன்ன நேரத்துக்கு, இரண்டாம் பங்கையும் விடாமல் குடியுங்கள். குடல் கழுவுப்படாவிட்டால் சின்ன முளை கண்ணுக்குத் தப்பும். இரும்புக் குளிசையை ஒரு கிழமை முன்னரே நிறுத்த வேணும். இரத்தம் உறையாமல் குடிக்கிற மருந்து, நீரிழிவு மருந்து, இன்சுலின் பற்றி டொக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

முளை இருந்தால் பெரும்பாலும் அப்போதே வெட்டி எடுத்துவிடுவார்கள். வெட்டின முளையைச் சோதித்த பயொப்சி ரிப்போட்டைக் கட்டாயம் வாங்குங்கள். எத்தனை முளை, என்ன பருமன், எந்த வகை என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த முறை எப்போது என்று சொல்வார்கள். அந்தத் திகதியைக் கிளினிக் கொப்பியில் எழுதுவித்துக்கொண்டு வாருங்கள்.