பிரஸ் பிரேக் வாங்கும்போதும் நிறுவும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவையில் புதிதாக ஃபேப்ரிகேஷன் பட்டறை தொடங்குகிறவர்கள் தகடு வளைக்கும் பிரஸ் பிரேக் ஒன்றைப் பார்க்கப் போகும்போது, துணைக்கு என்னையும் அழைத்துச் செல்வது வழக்கமாகிவிட்டது. சென்ற மாதம் ஒரு தம்பியோடு பழைய இயந்திரம் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். அவர் விற்பவரிடம் கேட்ட முதல் கேள்வி "எத்தனை டன் அண்ணா?" என்பது. "நூறு" என்று பதில் வந்ததும் பேச்சு நேராக விலைக்குத் தாவியது. இருபது ஆண்டுகளுக்கு முன் நானும் அதே கேள்வியைக் கேட்டு, அதே பதிலில் திருப்தி அடைந்து, அதற்கான விலையைப் பின்னர் கொடுத்தவன்.

எண்ணெய் அளவைப் பார்ப்பது, தகட்டை மேலிருந்து அழுத்தும் பஞ்ச்சைத் துடைத்து மாட்டுவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவை கையேட்டிலேயே இருக்கின்றன.

டன்னை நீளத்திலிருந்து பிரித்துப் பார்ப்பது

நூறு டன் என்பது இயந்திரத்தின் மொத்த அழுத்தம். அந்த அழுத்தம், டை உட்காரும் கீழ்ப்பகுதியான பெட்டின் நீளம் முழுவதும் பரவி விழும்போதுதான் இயந்திரம் அதைத் தாங்கும். ஒரு வேலைக்கு எத்தனை டன் தேவைப்படும் என்பது தகட்டின் தடிமனையும் கீழே வைக்கும் வி-டையின் (வி வடிவப் பள்ளமுள்ள அச்சின்) வாய் அகலத்தையும் பொறுத்தது. சாதாரண எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) தகட்டுக்குப் பட்டறையில் நான் பயன்படுத்தும் கணக்கு எளியது: தடிமனை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 65 ஆல் பெருக்கி, வி அகலத்தால் வகுத்தால், ஒரு மீட்டர் நீளத்துக்கு எத்தனை டன் என்பது கிடைக்கும். 3 மி.மீ. தகட்டை 24 மி.மீ. வி-யில் வளைக்க மீட்டருக்கு ஏறத்தாழ 24 டன் போதும். எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்றால் அதைப்போல் ஒன்றரை மடங்கு.

எனக்கு அப்போது வந்த வேலை 10 மி.மீ. தகட்டில் 400 மி.மீ. நீளமுள்ள பிராக்கெட்டுகள். அந்தத் தடிமனுக்குக் குறைந்தது 80 மி.மீ. வி வேண்டும், என்னிடம் இருந்ததில் பெரியது 40. கணக்குப் போட்டேன்: மீட்டருக்கு 162 டன், 400 மி.மீ. நீளத்துக்கு 65 டன். நூறு டன் இயந்திரத்தில் அறுபத்தைந்து டன் வேலை என்று மனம் நிம்மதி அடைந்தது. பிராக்கெட்டுகளைப் பெட்டின் நடுவில் வைத்து, இரண்டு வாரம் அடித்து முடித்தேன்.

அந்த நிம்மதியில்தான் தவறு இருந்தது. 65 டன்னும் அரை மீட்டருக்கும் குறைவான இடத்தில் இறங்கியது. என் இயந்திரத்தின் இரு தூண்களுக்கும் இடைத்தூரம் 2600 மி.மீ.; அந்தத் தூரத்தில் 60 சதவீதத்துக்கும் குறைவான நீளத்தில் முழு டன்னையும் செலுத்தக்கூடாது என்பது தொழிலில் பொதுவாகக் கடைப்பிடிக்கப்படும் வரம்பு. அதாவது 1560 மி.மீ. நீளத்துக்கு நூறு டன், மீட்டருக்கு 64 டன். நான் செலுத்தியதோ அதைப்போல் இரண்டரை மடங்கு. சரியான 80 மி.மீ. வி-யை வைத்திருந்தாலும் மீட்டருக்கு 81 டன் ஆகியிருக்கும், 120 மி.மீ. வி-க்குப் போயிருந்தால்தான் 54-க்கு இறங்கியிருக்கும். மடிப்பின் உள்வளைவு ஆரம் பெரிதாகும் என்று வாடிக்கையாளரிடம் சொல்லி அனுமதி வாங்கியிருக்க வேண்டும், அல்லது அந்த வேலையை வேண்டாம் என்று திருப்பியிருக்க வேண்டும்.

சேதம் அன்று தெரியவில்லை. அடுத்த மாதம் 2 மீட்டர் நீளமுள்ள பீரோக் கதவுகளை வளைத்தபோது, இரு முனைகளிலும் 90 டிகிரி வந்தது, நடுவில் மட்டும் 92 ஆக விரிந்து நின்றது. நீளமான வேலையில் பெட்டும், பஞ்ச்சைத் தாங்கி இறங்கும் ராமும் வளைந்து கொடுப்பதால் நடுவில் கோணம் விரிவது இயல்புதானே என்று எண்ணி, அந்த வளைவை ஈடுகட்டும் கிரௌனிங்கை மாற்றினேன், டைக்கு அடியில் ஷிம் என்ற மெல்லிய தகட்டுத் துண்டைச் செருகினேன், தகடு விற்றவரைத் திட்டினேன். ஒரு நாள் டையைக் கழற்றி, பெட்டின் மேல் ஸ்ட்ரெய்ட் எட்ஜ் என்ற நேர்ச்சட்டத்தை வைத்துப் பார்த்தபோதுதான், பிராக்கெட் அடித்த அதே 400 மி.மீ. இடத்தில் இடைவெளியை அளக்கும் 0.2 மி.மீ. ஃபீலர் பட்டை நுழைந்தது. தகடு டையின் அடியைத் தொடாமல் காற்றில் வளைக்கும் முறையில், ஒரே தகட்டுக்கும் ஒரே வி-க்கும் கோணத்தைத் தீர்மானிப்பது பஞ்ச் இறங்கும் ஆழம்தான், 12 மி.மீ. வி-யில் அந்த ஆழம் பத்தில் ஒரு மில்லிமீட்டர் மாறினாலே கோணம் ஏறத்தாழ ஒரு டிகிரி மாறும். டையை மாற்றினேன், பெட்டை மெஷினிங்குக்கு அனுப்பியதில் பட்டறை மூன்று வாரம் நின்றது. இதைச் சொன்னால் "இவ்வளவு பெரிய இரும்பு எப்படி அண்ணா அமுங்கும்?" என்று சிரிக்கிறார்கள். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.

நடுவில் அடித்தால்தானே குழி விழும் என்று கனமான வேலையை ஒரு ஓரத்துக்கு நகர்த்துகிறவர்களும் உண்டு. அது அதைவிட மோசம். டார்ஷன் பார் வைத்து இரு சிலிண்டர்களையும் இணைத்த இயந்திரங்களில், ஓரத்தில் விழும் பாரம் ராமைச் சாய்க்கும்; பிறகு இரு முனைகளிலும் ஒரே கோணம் வராது. இலேசான சிறு வேலைகளை இடம் மாற்றி மாற்றிச் செய்வது நல்லது. கனமான வேலைக்கு மீட்டருக்கு இத்தனை டன் என்ற வரம்பைத் தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குவதே வழி. டையிலும் பஞ்ச்சிலும் அவற்றுக்கான வரம்பு பொறிக்கப்பட்டிருந்தால் அதையும் படியுங்கள். மூன்றில் எது குறைவோ, அதுதான் உங்கள் வரம்பு.

ஒரே வி-டையில் எல்லாவற்றையும் வளைப்பது

வி அகலம் தகட்டின் தடிமனைப்போல் எட்டு மடங்கு என்பது தொடக்கம். மடிக்கும் விளிம்பு வி அகலத்தில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்குக் குறைந்தால் தகடு வாய்க்குள் வழுக்கி விழும். எம்.எஸ். தகட்டில் உள் ஆரம் வி அகலத்தில் ஆறில் ஒரு பங்கு வரும். பஞ்ச் முனையைக் கூர்மையாக்கியதால் அது மாறிவிடாது.

எல்லாத் தகட்டையும் முதலிலேயே வெட்டி வைப்பது

வி மாறினால் ஆரம் மாறும், ஆரம் மாறினால் விரிநீளமும் (வளைப்பதற்கு முன் தகட்டை வெட்ட வேண்டிய நீளமும்) மாறும். ஆகவே ஒரு வி-யை வைத்துக் கணக்கிட்ட அளவில் இருநூறு தகடுகளை வெட்டிவிட்டு, வேறு வி-யில் வளைப்பவருக்குக் கடைசி மடிப்பில் மூடி பொருந்தாது. ஒன்றை வெட்டி, வளைத்து, அளந்து பார்த்த பிறகே மற்றவற்றை வெட்டுங்கள். தகட்டின் தடிமனையும் வெர்னியரில் பாருங்கள், 2 மி.மீ. என்று பில் போட்ட தகடு 1.8 இருப்பது புதிதல்ல, கோணம் தாறுமாறாக வருவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

மேல்திறப்பைக் கேட்காமல் வாங்குவது

பேனல் பெட்டி செய்யப் போகிறவர் டன்னுக்கு முன் இதைக் கேட்க வேண்டும். பஞ்ச்சும் டையும் மாட்டிய பிறகு இடையில் மிஞ்சும் உயரம் போதாவிட்டால், நான்காம் பக்கத்தை மடித்த பெட்டியை வெளியே எடுக்க முடியாது.

லெவல் பார்த்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பது

கான்கிரீட் நன்றாக இறுகுவதற்கு முன் இயந்திரத்தை ஏற்றினால், இன்று பார்த்த லெவல் அடுத்த மாதம் இருக்காது. ஏற்றி, ஓட்டி, சில வாரம் கழித்து மீண்டும் பாருங்கள்.

மூன்று ஃபேஸ் இணைப்பு

மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் பம்ப் எண்ணெயை இழுக்காமல் காய்ந்து ஓடும். ஒரு நொடி தட்டிவிட்டுச் சுழலும் திசையைப் பாருங்கள்.

கால் மிதி

மிதித்தால் தனியாகவே ராமை இறக்கிவிடும் மிதியை உதவியாளருக்குக் கொடுக்காதீர்கள்.

பழைய இயந்திரத்தின் பெயின்டைப் பார்ப்பது

அந்தத் தம்பியோடு போன இடத்திலும் பெயின்ட் புத்தம் புதிதாக இருந்தது. டையைக் கழற்றச் சொன்னபோது விற்பவர், "ஓட்டிக் காட்டுகிறேனே, அது போதாதா?" என்றார். போதாது என்று சொல்லி, கழற்ற வைத்து, ஸ்ட்ரெய்ட் எட்ஜை வைத்தோம். நடுவில் 0.15 பட்டை தடையில்லாமல் நுழைந்தது. விற்பவர் உடனே விலையில் ஐம்பதாயிரம் குறைத்தார். தம்பி பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் வண்டிச் சாவியை எடுத்தேன்.