இரத்த அழுத்தமும் 24 மணி நேரச் சிறுநீர்ச் சோதனையும்: சேகரிக்கும் முறை

இளம் வயதிலேயே இரத்த அழுத்தம் ஏறியவர்களுக்கும், மூன்று வகை மருந்து உண்டும் அது இறங்காதவர்களுக்கும், தலைவலி, வியர்வை, படபடப்பு மூன்றும் திடீரெனச் சேர்ந்து வருபவர்களுக்கும், கோலாலம்பூரில் சிறப்பு மருத்துவர்கள் ஒரு நாள் முழுவதற்குமான சிறுநீரைச் சேகரித்து வரச் சொல்வதுண்டு. மன அழுத்தத்தின்போது சுரந்து இரத்த அழுத்தத்தை உயர்த்தக்கூடிய அட்ரினலின், நார்அட்ரினலின், கார்டிசால் ஆகிய ஹார்மோன்கள் இரத்தத்தில் வேளைக்கு வேளை மாறுகின்றன. ஊசியைக் கண்ட பயமே சிலருக்கு அவற்றை உயர்த்திவிடும். சிறுநீரோ நாள் முழுவதன் கூட்டுக் கணக்கைத் தருகிறது. ஆகவே சேகரிப்பில் பிழை நேர்ந்தால் கணக்கே பிழையாகிவிடும்.

காலை 7 மணிக்குத் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். அப்போது வருவது முந்தைய இரவுக்குரியது என்பதால், அதைக் கழிப்பறையிலேயே விட்டுவிட்டு நேரத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின், மலம் கழிக்கும்போது வருவது உட்பட, ஒவ்வொரு முறையும் முழுவதையும் போத்தலில் சேர்த்து, மறுநாள் 7 மணிக்கு வருவதையும் ஊற்றி முடிக்க வேண்டும். ஒரு முறை தவறினாலும் ஆய்வகத்திடம் சொல்லிவிடுவதே நல்லது; மறைத்தாலும், நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் சிறுநீரில் வெளியேறும் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவு பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

போத்தலின் அடியில் சிறிது திரவம் இருந்தால் தண்ணீரென்று கொட்டிவிடாதீர்கள். அது பெரும்பாலும், அட்ரினலினும் நார்அட்ரினலினும் சிதையாமலிருக்க ஊற்றப்பட்ட ஹைட்ரோகுளோரிக் அமிலம். நேரடியாகப் போத்தலில் கழிக்காமல், தனிக் குவளையில் பிடித்து மெல்ல ஊற்றுங்கள். கார்டிசாலுக்குப் பொதுவாக அமிலமில்லாத வேறு போத்தல் தருவார்கள். இரண்டையும் மாற்றிவிடக் கூடாது. நம் ஊர் வெயிலில் போத்தலைக் குளிர்ச்சியான இடத்தில் வைப்பது அவசியம்.

ஆய்வகம் குறிப்பிடும் காலத்துக்குத் தே தாரிக், காப்பி, சாக்லேட், மைலோ, வாழைப்பழம் (பீசாங் கோரெங்கும் இதில் அடக்கம்) ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்வார்கள். மூக்கடைப்பு மாத்திரைகளும், சில மனச்சோர்வு மருந்துகளும், சில ஆய்வு முறைகளில் பாராசிட்டமாலும் முடிவைக் குழப்பக்கூடும். ஆனால் இரத்த அழுத்த மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். கடும் உடலுழைப்பும் அளவை உயர்த்தும் என்பதால், பத்துமலைப் படியேறும் நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

இவ்வளவு சிரமத்துக்குப் பின் கிடைக்கும் எண், மனக்கவலையை அளக்கும் கோலன்று. அமெரிக்காவில் 412 பேரின் இரவுநேர 12 மணிச் சிறுநீரை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வில், இந்த ஹார்மோன்கள் இரட்டிப்பாகும்போது பிற்காலத்தில் உயர் இரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு 21 முதல் 31 விழுக்காடு வரை கூடியிருந்தது. அது ஒரு தொடர்பே, காரணமென்று நிறுவப்படவில்லை. மருத்துவர் முதலில் தேடுவது வேறு: அளவு பல மடங்கு உயர்ந்திருந்தால் சிறுநீரகத்தின் மேலுள்ள, இவற்றைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பியில் கட்டி உள்ளதா என்று ஸ்கேன் எடுப்பார், சற்றே உயர்ந்திருந்தால், உணவையும் மருந்தையும் விசாரித்துவிட்டு, பெரும்பாலும் மறுபடியும் போத்தலைக் கொடுத்தனுப்புவார்.