திப்பி, குட்டி, தராசு: கால்நடை உற்பத்தியியல் முனைவர் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கால்நடை உற்பத்தியியலில் பிஎச்.டி. செய்பவர்கள் ஆய்வேடு எழுத உட்காரும்போது கண்டுபிடிக்கும் தவறுகளில் பெரும்பாலானவை, முதல் குட்டி கொட்டிலுக்குள் வருவதற்கு முன்பே நடந்து முடிந்தவை. சோதனைக்கூடத்தில் ஒரு குடுவை கெட்டால் நாளைக்கு இன்னொன்று வைக்கலாம். ஆட்டில் அது நடக்காது. வெள்ளாட்டுக்குச் சினைக்காலம் 150 நாள், குட்டி பால் மறக்க 90 நாள். ஒரு தொகுதிக் குட்டிகளை வீணாக்கினால், இன்றைக்கே ஆடு சினைப்பட்டாலும் அடுத்த தொகுதி கைக்கு வர எட்டு மாதம் ஆகும். முனைவர் பட்டத்துக்குக் குறைந்தபட்சக் காலமே மூன்று ஆண்டுதான். அதிலும் முதல் ஆண்டைப் பாடங்கள் தின்றுவிடும்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க ஓர் ஆய்வையே பிடித்துக்கொள்வோம். சேலம், நாமக்கல் பக்கம் சேகோ ஆலைகளில் ஸ்டார்ச் எடுத்தபின் மிஞ்சுவது மரவள்ளித் திப்பி. சேலம் கருப்பு என்ற வெள்ளாட்டு இனத்தின் கிடாக் குட்டிகளின் அடர்தீவனத்தில் மக்காச்சோளத்தை எடுத்துவிட்டு 0, 10, 20 சதவீதம் திப்பி சேர்க்கிறோம். 90 நாள் வளர்ச்சியைப் பார்க்கிறோம். தலைப்பு எளிது, செலவு குறைவு, நெறியாளரும் தலையாட்டிவிடுவார். எங்கெல்லாம் சறுக்கும்?

தீவனத்தில் ஒன்றை மாற்றப்போய் இரண்டை மாற்றுவது

மக்காச்சோளத்தில் புரதம் சுமார் 9 சதவீதம். திப்பியில் இரண்டு, இரண்டரைதான் தேறும். 20 பங்கு மக்காச்சோளத்தை எடுத்து 20 பங்கு திப்பியைப் போட்டால் அடர்தீவனத்தின் புரதம் 1.3 அலகு இறங்கும்; 16 சதவீதம் இருந்தது 14.7 ஆகிவிடும். குட்டி வளரவில்லை என்றால் அது திப்பியின் குற்றமா, புரதக் குறைவின் குற்றமா? வாய்மொழித் தேர்வில் இந்தக் கேள்வி வந்தால் பதில் கிடையாது. கடலைப் புண்ணாக்கைக் கொஞ்சம் கூட்டி, மூன்று தீவனத்திலும் புரதமும் எரிசக்தியும் ஒரே அளவில் இருக்கும்படி கணக்குப் போட வேண்டும். புண்ணாக்கு கூடினால் விலையும் கூடும். அந்தக் கூடுதல் செலவை மறைத்துவிட்டு "திப்பி மலிவு" என்று முடிவுரை எழுதுவது அடுத்த தவறு.

இன்னொன்று மண். திப்பியைத் தரையில் கொட்டித்தான் வெயிலில் காயவைக்கிறார்கள். சாம்பல் அளவு மட்டும் பார்த்தால் மண் தனியாகத் தெரியாது; அமிலத்தில் கரையாத சாம்பலையும் பார்க்க வேண்டும். புத்தக அட்டவணையிலிருந்து எண்ணை எடுத்துத் தீவனம் கலந்துவிட்டு, ஆறு மாதம் கழித்துப் பகுப்பாய்வு செய்து பார்த்துத் திகைப்பவர்கள் நிறைய. மூலப்பொருளை முதலில் பகுத்துப் பாருங்கள், கலப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கில் அளவும் உண்டு. குழுவுக்கு 16 வீதம் 48 குட்டி, ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 300 கிராம், தீவனத்துக்குப் பழக்கும் 14 நாளையும் சேர்த்து 104 நாள்: ஏறத்தாழ ஒன்றரை டன் அடர்தீவனம். மூலப்பொருட்களை ஒரே கொள்முதலில் வாங்கி வைக்க வேண்டும். பாதியில் புண்ணாக்கு தீர்ந்து வேறு கடையில் வாங்கினால் அது வேறு தீவனம். வாங்கியதை எல்லாம் ஒரேயடியாகக் கலந்துவைப்பதும் கூடாது, மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை கலந்து, ஒவ்வொரு கலவையிலும் ஒரு மாதிரி எடுத்து வைப்பதுதான் சரி.

ஆறு குட்டி போதும் என்ற பழக்கம்

"ஒரு குழுவுக்கு ஆறு" என்பது நம் ஆய்வேடுகளில் எழுதாச் சட்டம். எங்கிருந்து வந்தது என்று கேட்டால் "முன்னால் இருந்தவர்கள் அப்படித்தான் வைத்தார்கள்" என்பார்கள். கையிலேயே போடக்கூடிய ஒரு கணக்கு இருக்கிறது. குட்டிக்குக் குட்டி உள்ள மாறுபாட்டை (திட்டவிலக்கத்தை) சராசரியின் சதவீதமாக எடுத்து, நீங்கள் கண்டுபிடிக்க விரும்பும் வேறுபாட்டின் சதவீதத்தால் வகுங்கள். வந்ததை வர்க்கமாக்கி 16-ஆல் பெருக்குங்கள். ஒரு குழுவுக்கு ஏறத்தாழ எத்தனை குட்டி தேவை என்பது வந்துவிடும் (இல்லாத வேறுபாட்டை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு 5 சதவீதம், இருப்பதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு 80 சதவீதம் என்ற கணக்கில்).

நாள் எடைகூடல் 50 கிராம், அதில் குட்டிக்குக் குட்டி மாறுபாடு 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 20 சதவீத வேறுபாட்டைப் பிடிக்க 16 குட்டி வேண்டும். 12 குட்டி என்றால் 23 சதவீதத்துக்குக் கீழே உள்ளது நழுவிவிடும். ஆறு குட்டி வைத்தால் வேறுபாடு 33 சதவீதம் இருந்தால்தான் தட்டுப்படும். மொத்தம் 24 குட்டிதான் கிடைக்கும் என்றால் மூன்று தீவனத்தை இரண்டாகக் குறைத்துக் குழுவுக்கு 12 வையுங்கள். நான்கு தீவனம், ஆறு ஆறு குட்டி என்று பரப்பினால் அட்டவணை அகலமாக இருக்கும், சொல்வதற்கு ஒன்றும் இருக்காது.

திப்பி போன்ற மாற்றுத் தீவன ஆய்வுகளில் இந்தத் தவறு இன்னும் விஷமானது. அங்கே ஆய்வாளர் எதிர்பார்ப்பதே "வேறுபாடு இல்லை" என்ற விடையைத்தான். குட்டிகளைக் குறைத்து வைத்தாலே அந்த விடை தானாக வந்துவிடும்! மேலே சொன்ன எண்களோடு ஆறு ஆறு குட்டி வைத்தால், இரு குழுக்களின் வேறுபாட்டுக்கு 95 சதவீத நம்பிக்கை இடைவெளி (உண்மையான வேறுபாடு இருக்கக்கூடிய வீச்சு) கூட்டியோ குறைத்தோ 13 கிராம் வரும். அதாவது திப்பி தின்ற குட்டி 90 நாளில் ஒரு கிலோவுக்கு மேல் குறைவாக வளர்ந்திருக்கவும் வாய்ப்பு இருக்கிறது. உங்கள் ஆய்வால் அதை மறுக்க முடியவில்லை, அவ்வளவுதான். இதைத் "திப்பி சேர்ப்பதால் வளர்ச்சி பாதிக்கப்படுவதில்லை" என்று எழுதினால் அந்த ஒரு கிலோ ஆடு வளர்ப்பவர் தலையில் விழும். நம்பிக்கை இடைவெளியை அட்டவணையிலேயே போடுங்கள். எவ்வளவு இழப்பு வரை பொறுக்கலாம் என்பதை ஆய்வுத் திட்டத்திலேயே எழுதி வையுங்கள்.

எண்ண வேண்டியது குட்டியையா, கொட்டிலையா?

16 குட்டியை ஒரே கொட்டிலில் விட்டு ஒரே தொட்டியில் தீவனம் வைத்தால், தீவன விஷயத்தில் உங்களிடம் இருப்பது 16 எண் அல்ல, ஒரே ஓர் எண். முரட்டுக் கிடா இரண்டு முட்டித் தள்ளித் தின்னும், நோஞ்சான் ஒதுங்கி நிற்கும். தீவனம் எந்த அலகுக்குத் தரப்படுகிறதோ அதுதான் சோதனை அலகு. கோழியில் ஒரு தடுப்பில் 20 குஞ்சு இருந்தாலும் கணக்குக்கு அது ஒன்றுதான். பன்னாட்டு இதழ்களில் கட்டுரை திரும்பி வருவதற்கு இது அடிக்கடி காரணமாகிறது, அப்போது திருத்த வழியும் இருக்காது. குட்டிகளைத் தனித்தனியாகக் கட்டிவைத்து அடர்தீவனம் கொடுத்து, பசுந்தீவனத்தை மட்டும் கூட்டாகப் போடுவது பலர் செய்யும் சமரசம். அப்படியானால் பசுந்தீவன உட்கொள்ளலைத் தனிக் குட்டிக் கணக்கில் எழுதாதீர்கள்.

சோதனைக்கூடத்திலும் இதே பொறி உண்டு. செரிமான வாயு உற்பத்திச் சோதனையில் ஒரே நாள் எடுத்த இரைப்பை நீரை ஆறு குழாயில் ஊற்றினால் அது ஆறு மறுசெய்கை ஆகாது. வெவ்வேறு நாளில், வெவ்வேறு ஆட்டிலிருந்து எடுத்து மூன்று தடவையாவது ஓட்ட வேண்டும்.

குழு பிரிப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மந்தைக்குள் இறங்கிக் கையில் அகப்பட்ட முதல் 16-ஐ முதல் குழு என்று வைத்தால், அகப்பட்டவை எல்லாம் சுறுசுறுப்பில்லாத குட்டிகளாக இருக்கும். எடை வரிசையில் நிறுத்தி மும்மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு மூன்றுக்குள்ளும் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள்.

தராசு

15 கிலோ குட்டி ஒரு லிட்டர் தண்ணீர் குடித்தால் ஒரு கிலோ கூடும். நாளுக்கு 50 கிராம் வளரும் குட்டிக்கு அது 20 நாள் வளர்ச்சி. முதல் எடையைக் காலையில் வெறும் வயிற்றிலும், கடைசி எடையைத் தீவனம் தின்றபிறகும் எடுத்தால் ஆய்வு முழுக்கப் பொய். முந்தின நாள் மாலையோடு தீவனத்தை எடுத்துவிட்டு, காலையில் தண்ணீர் காட்டும் முன், அடுத்தடுத்து இரண்டு நாள் நிறுத்துச் சராசரி எடுப்பதே முறை. தராசைத் தெரிந்த எடைக்கல் வைத்து ஒவ்வொரு தடவையும் சரிபாருங்கள்.

மிச்சத் தீவனத்தையும் அப்படியே. ஆடு இலையைப் பொறுக்கித் தின்றுவிட்டுத் தண்டை விட்டுவிடும். போட்டதற்கும் மிஞ்சியதற்கும் புரதம் ஒன்றல்ல, எனவே மிச்சத்தைத் தனியாகப் பகுக்க வேண்டும்.

குடற்புழு நீக்கமும் ஆட்டுக்கொல்லி நோய், துள்ளுமாரித் தடுப்பூசிகளும் ஆய்வு தொடங்க மூன்று வாரம் முன்பே முடிந்திருக்கட்டும். நடுவில் ஒரு குழுவுக்கு மட்டும் மருந்து கொடுக்க நேர்ந்தால் பிறகு எதை எதனோடு ஒப்பிடுவது?

சிறுநீர் வாளியில் காணாமல் போகும் நைட்ரஜன்

தின்ற நைட்ரஜனில் புழுக்கையிலும் சிறுநீரிலும் போனதைக் கழித்தால், உடம்பில் தங்கியது எவ்வளவு என்று தெரியும். இதைப் பார்க்கும் செரிமானச் சோதனைக்குக் கிடாக்களையே எடுப்பதற்குக் காரணம் எளிது: பெட்டையின் சிறுநீர் புழுக்கையில் கலந்துவிடும். கூண்டில் மூன்று, நான்கு நாள் பழகவிட்டு, பிறகு ஆறேழு நாள் சேகரிக்க வேண்டும். வாளியில் முன்கூட்டியே நீர்த்த கந்தக அமிலம் ஊற்றி, சேகரம் முடியும்வரை பி.எச். மூன்றுக்குக் கீழ் இருக்கிறதா என்று தாள் வைத்துப் பார்க்க வேண்டும். அமிலம் போதாவிட்டால் நைட்ரஜன் அமோனியாவாகப் பறந்துவிடும். பறந்தது உங்கள் கணக்கில் குட்டியின் உடம்பில் தங்கியதாக ஏறிவிடும். புழுக்கையிலும் நைட்ரஜனை ஈரமாகவே பார்க்க வேண்டும், அல்லது அமிலத்தில் போட்டு வைக்க வேண்டும். 105 டிகிரி செல்சியசில் காயவைத்தது உலர்பொருள் கணக்குக்கு மட்டும். நார்ப்பொருள் பார்க்க வேண்டிய மாதிரியை 60 டிகிரிக்குப் பக்கத்தில் காயவையுங்கள். சூடு அதிகமானால் புரதம் நாரோடு ஒட்டிக்கொண்டு நார் அளவைக் கூட்டிக் காட்டும்.

சரியா, தப்பா என்று ஒரு நிமிடத்தில் பார்க்கலாம். 50 கிராம் எடைகூடலில் புரதம் எட்டரை கிராம் போல இருக்கும், அதை 6.25-ஆல் வகுத்தால் சுமார் 1.4 கிராம் நைட்ரஜன். உங்கள் அட்டவணையில் "நாள் ஒன்றுக்கு 5 கிராம் தங்கியது" என்று வந்தால், மிச்சம் மூன்றரை கிராம் குட்டிக்குள் இல்லை. எங்கோ சிந்தியிருக்கிறது, அல்லது காற்றில் போயிருக்கிறது. இந்த வகுத்தலைச் செய்யாமலே அச்சேறிய அட்டவணைகள் ஏராளம்.

அனுமதி, எழுத்து, இதழ்

நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் ஆய்வு தொடங்கும் முன் தேதியிட்டதாக இருக்க வேண்டும். 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியக் குழுவின் (முன்பு சிபிசிஎஸ்இஏ, இப்போது சிசிஎஸ்இஏ) விதி அது. எலி, முயலுக்கான நடைமுறை வேறு, பெரிய விலங்குகளுக்கானது வேறு. குழு எப்போதாவதுதான் கூடும் என்பதால், குட்டி பிறக்கும் பருவத்தை வைத்துப் பின்னோக்கி நாள் குறித்து விண்ணப்பியுங்கள். பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்பது நடக்காது; ஆய்வுக்கு முன்பே பெற்ற ஒப்புதல் இல்லாத கட்டுரையை நல்ல இதழ் தொடாது.

புள்ளியியலில் ஒன்றே ஒன்று சொன்னால் போதும். 0, 10, 20 என்பவை படிப்படியான அளவுகள். அவற்றை டங்கன் சோதனையில் (குழுச் சராசரிகளை இரண்டிரண்டாக ஒப்பிடும் முறை) போட்டு அ, ஆ என்று எழுத்து ஒட்டுவது, ஏணியின் படிகளைத் தனித்தனி வீடுகளாகப் பார்ப்பது போல. திப்பி கூடக்கூட வளர்ச்சி நேர்கோட்டில் இறங்குகிறதா, ஓர் இடத்துக்குப் பிறகு வளைகிறதா என்பதுதான் கேள்வி. அதற்கு நேர்கோட்டு, வளைவுப் போக்குச் சோதனைகள் இருக்கின்றன. வாராவாரம் நிறுத்த எடையை 13 தனிச் சோதனையாகப் பிரித்துப் போடுவதும் இதே ரகம்.

பணம் வாங்கிக்கொண்டு ஒரே வாரத்தில் அச்சிடும் இதழ்களைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) ஏற்ற இதழ்களின் யுஜிசி-கேர் பட்டியலும் 2025-இல் கைவிடப்பட்டதால் அதைச் சாக்காகக் காட்ட முடியாது. வேளாண், கால்நடைத் துறையில் பார்ப்பது நாஸ் மதிப்பெண், அதாவது தேசிய வேளாண் அறிவியல் கழகம் இதழ்களுக்குத் தரும் மதிப்பெண். அனுப்பும் ஆண்டின் பட்டியலைப் பாருங்கள், போன வருடத்தது செல்லாமல் போகலாம். யுஜிசியின் 2018 விதிப்படி மற்றவர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனையில்லை. முன்னாய்வுப் பகுதியில் "இன்னார் இன்ன ஆண்டில் இப்படிக் கூறினார்" என்று வரிவரியாக ஒட்டுபவர்கள் அந்த எல்லையை முதல் அத்தியாயத்திலேயே தாண்டிவிடுகிறார்கள்.

கடைசியாக ஒரு சின்னச் சங்கதி. உறைபெட்டியில் வைக்கும் மாதிரிப் பைகளில் மார்க்கர் பேனாவால் மட்டும் எழுதாதீர்கள். மின்தடை வந்து பனி உருகினால் எழுத்து அழிந்து, 48 பை இரத்தத் தெளிவும் பெயரில்லாமல் கிடக்கும். தடித்த காகிதத் துண்டில் பென்சிலால் காதுவில்லை எண்ணையும் தேதியையும் எழுதி, குழாயோடு சேர்த்துப் பைக்குள்ளேயே போட்டு வையுங்கள்.