கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் முன்

அப்பாவின் பழைய எச்.எம்.டி. ஜனதா உங்களிடம் இருக்கிறதா? அது சாவி கொடுத்தால்தான் ஓடும். தினமும் காலையில் ஒரே நேரத்தில் கொடுங்கள். முக்கியமாக, கையிலிருந்து கழற்றிவிட்டுக் கொடுங்கள். கட்டியபடியே திருகினால் குமிழ் பக்கவாட்டில் இழுபட்டு, உள்ளே போகும் மெல்லிய தண்டு நாளடைவில் தேய்ந்துவிடும். திருகத் திருக 'கிர்ர்'ரென்று சத்தம் வரும், அப்புறம் விரலுக்கு இறுக்கம் தெரியும். அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் ஒரு சுற்றுகூட வேண்டாம்.

ஆட்டோமேட்டிக் கடிகாரம் வேறு மாதிரி. கை அசையும்போது உள்ளே அரைவட்டத் தகடு ஒன்று சுழன்று, கடிகாரத்தை ஓட்டும் சுருள்வில்லை (ஸ்பிரிங்கை) முறுக்கும். சுருள்வில் முழுதாக முறுகியதும் அதன் நுனி வழுக்கிவிடும், அதனால் அளவு மீறும் பயம் இல்லை. இரண்டு நாள் மேசையில் கிடந்து நின்றுபோனால் 20, 30 சுற்று கொடுத்துக் கட்டிக்கொள்ளலாம். ஆனால் 7எஸ்26 இயந்திரம் உள்ள பழைய சீக்கோ 5-இல் குமிழைத் திருகிப் பயனே இல்லை, அதில் அந்த வசதி கிடையாது. படுக்கைவசமாகப் பிடித்து அரை நிமிடம் மெதுவாக ஆட்டுங்கள், விநாடி முள் நகரத் தொடங்கிவிடும். சரி, நேரத்தைத் திருத்திக் கட்டிக்கொள்ளுங்கள், மீதியை உங்கள் கையே பார்த்துக்கொள்ளும்.